ஒரு பக்கம் மட்டும் வந்த ஆத்தா

சாமிகளா, என் பிள்ளைகளா, மாரியாத்தா நோம்பிக்கு ஊரே கூழ் குடிக்கும்போது நான் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதை நீங்கள் கேலி பேசுவது என் காதில் விழாமல் இல்லை. பக்தி குறைந்து போய் அல்ல. ஐந்து நாள் நானே ஆத்தாவாக இருந்திருக்கிறேன். அதைத்தான் எழுதி வைக்கிறேன்.

அது யுத்த காலம். பஸ்கள் கரியில் ஓடின. நீங்கள் யாரும் பிறக்கவில்லை. மூன்று வருடமாக எனக்குக் குடல் நோய். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொம்பைத் தூக்கிக்கொண்டு சோளக்காட்டுப் பக்கம் ஓடுவேன். ரத்தமும் சளியுமாகப் போகும். சேலத்து டாக்டர் ஒருவர் பெருங்குடலில் புண் என்று சொல்லி ஒரு வெள்ளைப் பொடி கொடுத்தார். அதில்தான் ரத்தம் நின்றது. "நிறுத்தினால் திரும்பவும் வரும். இன்னொரு தடவை இந்த உடம்பு தாங்காது" என்று சொல்லி அனுப்பினார். குழைந்த சோறும் பொடியுமாக உயிர் ஓடிக்கொண்டிருந்தது. பந்தியில் என் பக்கத்து இலை எப்போதும் காலி. பாதியில் எழுந்து ஓடுகிறவன் பக்கத்தில் யார் உட்காருவார்?

ஒரு நாள் வலது விலாவில் நெருப்பை வைத்தது போல எரிந்தது. மறுநாள் அங்கே கொத்துக் கொத்தாகக் கொப்புளம். என் அண்ணன் எட்டிப் பார்த்தார். காலில் கிடந்த செருப்பைக் கழற்றினார்.

"ஆத்தா வந்திருக்கா."

வாசலில் வேப்பிலை ஏறியது. அம்மை கண்ட வீட்டில் மருந்து கூடாது, அது அவளை விரட்டுவதாகும். அண்ணன் என் பொடியைத் துணியில் முடிந்து விட்டத்தில் செருகினார். குளிர்ச்சிக்கென்று மூன்று வேளையும் கம்பங்கூழும் பச்சை வெங்காயமும், நடுவில் அரைத்த வேப்பங்கொழுந்தும் வந்தன. டாக்டர் எதையெல்லாம் தொடாதே என்றாரோ அதெல்லாம் பயபக்தியோடு வந்தது.

பந்தியில் தள்ளி உட்கார்ந்தவர்கள் வாசலில் நின்று கும்பிட்டார்கள். மழை எப்போது என்றுகூட ஒருவர் கேட்டார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சொம்போடு எழுந்தால், "ஆத்தா வெளிய போறா, வழி உடுங்க" என்று அண்ணன் முன்னால் நடப்பார். நாலாம் நாள் ரத்தம் திரும்பியது.

"அண்ணா, அந்தப் பொடி..." என்றேன்.

"ஆத்தா கோவமா இருக்கா. இன்னுங் கொஞ்சம் கூழ் ஊத்துங்க" என்றார்.

உங்கள் அம்மா அண்ணனிடம் நேராகப் பேச மாட்டாள். அன்று வாசலில் கட்டியிருந்த கன்றுக்குட்டியைப் பார்த்துச் சொன்னாள்: "ஒரு பக்கம் மட்டும் பூத்த ஆத்தாள எங்கூர்ல நாங்க பாத்ததில்லை."

அண்ணனும் கன்றுக்குட்டிக்கே பதில் சொன்னார்: "ஆத்தாளுக்குப் புத்தி சொல்ல இந்த ஊட்டுல ஆளு வேண்டாம்."

மறுநாள் காலையில் அவள் போய்க் குயவரைக் கூட்டி வந்துவிட்டாள். எங்கள் பக்கம் அக்கிக் கொப்புளம் கண்டால் அதன்மேல் காவிமண்ணால் படம் எழுதுவது அவர்தான். வாசலைத் தாண்டாமல் நின்றார்.

"கொஞ்சம் திரும்புங்க சாமி. கையத் தூக்குங்க." பார்த்தார். "முதுகெலும்புல தொடங்கித் தொப்புளோட நின்னுபோச்சு. மொகத்துல, கால்ல ஒரு முத்துக்கூட இல்லீங்க. ரொம்ப நாள் வயித்தால போய் ஓஞ்ச ஒடம்புல அக்கி இப்படித்தான் ஏறும்."

"அப்ப ஆத்தா வரலைங்கறயா?" என்றார் அண்ணன். ஐந்து நாளாகக் கும்பிட்ட ஊரும் அவர் பின்னால் நின்றது.

குயவர் யோசித்தார். "வந்தாங்க. அவங்களுக்கு முந்தி அக்கி உக்காந்திருந்துச்சு. எடமில்லீன்னு திரும்பிட்டாங்க."

அண்ணனுக்கு அது பிடித்திருந்தது. "அக்கிக்கு மருந்து ஆகுமா?"

"அக்கிக்கென்னங்க, ஆகும்."

காவியைக் குழைத்து, கோழி இறகால் என் விலாவில் சிங்கம் எழுதினார். நாய் போலத்தான் இருந்தது. எரிச்சல் அடங்கப் பல நாள் ஆனது. ஊருக்கு அவ்வளவு நாள் ஆகவில்லை; நான் சாதாரண ஆளாகிவிட்டேன் என்று தெரிந்ததும் வாசல் காலியாகிவிட்டது. அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு காட்டுக்குப் போனார். உங்கள் அம்மா குயவரை வழியனுப்பப் போனாள்.

நான் கட்டில்மேல் ஏறி விட்டத்திலிருந்த முடிச்சை எடுத்தேன். பொடியை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தேன். அன்றைய கூழ் சட்டியில் அப்படியே இருந்தது. வேப்பிலைப் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, சட்டியைக் கொண்டுபோய்க் கன்றுக்குட்டியின் தொட்டியில் கவிழ்த்தேன்.