சந்தனக் கை பட்ட பெட்டி

அரியலூர்க் கடையின் மேல்தட்டில் ஒரு காலி அட்டைப்பெட்டி இருக்கிறது. மூடியில் விமானம் பறக்கும் படம். அதன்மேல் ஐந்து விரலும் பதிந்த சந்தனத் தடம். அதைத் துடைக்க யாரையும் நான் விட்டதில்லை.

இரண்டாயிரத்துக்குச் சற்று முந்தைய வருடங்கள். எங்கள் முதலாளிக்குப் பெரம்பலூரில் ஒரு கடை, அரியலூரில் ஒரு கடை. அரியலூரை அவர் மனைவி பார்த்துக்கொண்டார். நான் அங்கே விற்பனைப் பெண். அக்கா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். டிவியில் மாட்டி விளையாடும் கேம், பள்ளிக்கூடம் லீவு விட்டதும் பெரம்பலூரில் பறந்துவிடும். எங்களிடமோ பிரிக்காத பெட்டிகளாக அடுக்கிக் கிடந்தது. "ஜப்பான்காரன் ஒண்ணு வாங்குறான், அமெரிக்காக்காரன் வேற ஒண்ணு வாங்குறான். ஊருக்கு ஊர் மாறும்" என்பார் முதலாளி. அக்கா விடமாட்டார்: "அவங்களுக்கு நடுவுல கடல் கெடக்கு. நமக்கு நடுவுல ஒரு பஸ்சுதானங்க ஓடுது?" முதலாளி சிரித்துக்கொண்டே, ஆடி பிறப்பதற்குள் சரக்கு நகராவிட்டால் இந்தக் கடையை மூடிவிடலாம் என்றார். சிரித்துக்கொண்டு சொன்னதால்தான் எங்களுக்குப் பயமே வந்தது.

அந்த வைகாசியில், முந்திரி விற்ற கையோடு ஆண்டிமடத்துக்காரர் ஒருவர் வந்தார். அவருடைய உடன்பிறந்த அக்காவின் மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் சீருக்குச் சுவர்க்கடிகாரம் வேண்டுமாம். எங்கள் அக்கா கடிகாரத்தை எடுக்கவே இல்லை. "அண்ணே, பந்தல்ல கடிகாரம் எத்தனை வரும்?"

"அது வரும், ஆளுக்கு ஒண்ணு."

"அப்ப மணி பாக்க ஆளு வேணும். இந்த டிவி கேம வச்சுப் பாருங்க, நானே வந்து மாட்டித் தரேன்."

மஞ்சள் கண்ணாடித்தாள் சுற்றி, தாம்பாளத்தில் பழம், வெற்றிலைக்கு நடுவே மேளத்தோடு போனது டிவி கேம். பந்தலிலேயே டிவியை வைத்து மாட்டினோம். தாய்மாமன் சந்தனக் கையோடு பெட்டியை அழுத்திப் பிடித்துப் பிரித்தார். மடியில் இருந்த பையன் விமானம் ஓட்டிய வேகத்தில், பத்தர் ஒரு காதைக் குத்தியதே தெரியவில்லை. மறு காதுக்கு வந்த பத்தரோ ஊசியைப் பிடித்தபடி, "இருங்க, பிளேனு அந்தப் பாலத்தத் தாண்டட்டும்" என்று நின்றுவிட்டார். குத்தி முடிந்ததும் மாமன் கெஞ்சினார்: "மாப்ள, மாமனுக்கு ஒரு ஆட்டம் குடுறா!" பையன் கொடுக்கவில்லை. அப்போதுதான் அழுகை வந்தது, மாமன் பிடுங்கியதற்காக.

பந்தலில் கிடந்த காலிப்பெட்டியை அக்கா மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். அடுத்த முகூர்த்தத்துக்குள் செந்துறை வரைக்கும் மாமன்மார் கடைக்கு வந்துவிட்டார்கள். அதைப் பார்த்து முதலாளியும் பெரம்பலூரில் மஞ்சள் தாள் சுற்றி வைத்தார். "சார், பழைய சீரைத் திருப்பி விக்கிறீங்களா?" என்று அங்கே வந்தவர்கள் கேட்டார்களாம். அக்கா சிரித்துச் சிரித்துப் புரையேறினார். ஆடி வந்தது, கடை மூடவில்லை.

இப்போது அந்தக் கடையை நான் பார்த்துக்கொள்கிறேன். போன வாரம் ஒரு இளைஞர் புது மாதிரி கேம் கேட்டு வந்தார். பழக்க தோஷம், "காதுகுத்து என்னைக்கு தம்பி?" என்று கேட்டுவிட்டேன்.

"எனக்குத்தாங்க. காது எப்பவோ குத்தியாச்சு."

மேல்தட்டுப் பெட்டியைக் காட்டிக் கதையைச் சொன்னேன். சிரித்து முடித்தவர், "அப்ப எனக்கும் அந்த மஞ்சத் தாள சுத்திக் குடுத்துருங்க" என்றார்.