புளி போட்டுத் தேய்த்த ஒரு ரூபாய்

காலையில் குடும்பக் குழுவில் மறுபடியும் அந்த வீடியோ. இந்த ஒரு ரூபாய் உங்களிடம் இருந்தால் நீங்கள் லட்சாதிபதியாம். பேசுகிறவனிடம் அப்படி ஒன்று இருந்தால் எதற்கு வீடியோ போட்டுப் பிழைக்கிறான்? தேய்ந்த காசு, யாரோ அரம் வைத்து ராவிய காசு, எல்லாமே இவர்களுக்கு அச்சுப்பிழை. பிழை நாணயச்சாலையில் நேர்ந்திருக்க வேண்டும் ஐயா, உங்கள் சட்டைப்பையில் அல்ல. நானும் ஒரு நசுங்கிய ஐந்து ரூபாயைப் பர்ஸில் பத்திரப்படுத்தியவன்தான், அதனால் இந்தக் கூட்டத்தை எனக்கு நன்றாகவே தெரியும்.

மல்லேஸ்வரத்தில் முதல் வேலை பார்த்தபோது பக்கத்து மேஜையில் ஏகாம்பரம். காக்ஸ் டவுன்காரர், இந்தப் பைத்தியம் முற்றியவர். காபிக்கடையில் கிடைத்த சில்லறையை அவர் திருப்பித் திருப்பிப் பார்த்து முடிப்பதற்குள் நம் காபி ஆறிவிடும். நான் மனதுக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் நிஜமாகவே ஒன்று மாட்டியது. ஒரு பக்கம் சிங்கம். எண் இருக்க வேண்டிய மறுபக்கத்திலும் அதே சிங்கம், இடவலம் மாறிக் குழிவாக. முந்தைய காசு அச்சிலேயே ஒட்டிக்கொண்டால் இப்படி விழும்.

"இத வித்துட்டா பாப்பா நர்சிங் சீட்டு ஆச்சு தம்பி" என்றார். வேறு வழி எதுவும் அவரிடம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவரும் மகளும் நானும் காசு வியாபாரியிடம் போனோம். பஸ்ஸில் அந்தப் பெண் பெருமையாகக் காட்டினாள். வெள்ளிக்கிழமை விளக்குகளோடு சேர்த்துப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, சாமி முன்னால் வைத்து எடுத்து வந்திருந்தாள். காசு பளபளத்தது.

வியாபாரி லென்ஸைக் கீழே வைத்துவிட்டு இளித்தான். "ஒரிஜினல் பீஸு சார். யாரு இத தேச்சது? பழைய நெறமே போச்சு, பூரா கீறல். இப்ப ஆயிரம் குடுத்தா ஜாஸ்தி."

மகள் வாயைத் திறந்தாள். ஏகாம்பரம் முந்திக்கொண்டார். "நான்தான் தேச்சேன். எனக்கு மண்டையில ஒண்ணும் இல்ல."

அவரைப் பார்த்துச் சிரித்ததற்காக என்மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது. அந்த வருஷம் மகள் கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போனாள். அவரும் சில்லறையைத் திருப்பிப் பார்ப்பதை விட்டுவிட்டார். இப்போது அந்தக் காபிக்கடையில் சில்லறையே கிடையாது, எல்லோரும் போனை நீட்டுகிறோம்.

ஏகாம்பரமும் போன வருஷம் போய்விட்டார். சாவு வீட்டில் மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"கடைசி வரைக்கும் அப்பா அதப் பத்தி ஒரு வார்த்த கேக்கல அங்கிள். திட்டியிருந்தா அன்னிக்கே மறந்திருப்பேன்."