ஸ்ட்ரிப் பச்சையான காலை

சென்னீர்குப்பத்தில் நெடுஞ்சாலையை ஒட்டிய சின்ன லேபில் ராதிகா பதினெட்டு வருடமாக டெக்னீசியன். யாருடைய சிறுநீரில் சர்க்கரை இறங்கினாலும், புரதம் இறங்கினாலும் முதலில் பார்ப்பவள் அவள்தான்.

போன ஆடியில் சிறுநீர் சோதிக்கும் புது கம்பெனி ஸ்ட்ரிப் டப்பா வந்தது. சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, ஆட்கள் வருமுன் தன் சிறுநீரிலேயே ஒன்றை நனைத்தாள். புரதத்துக்கான மஞ்சள் கட்டம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரும்பச்சையானது. புரதம் நிறைய இறங்கினால்தான் அந்த நிறம்.

"சார், இந்த பாக்ஸ் சரியில்ல. திருப்பி அனுப்பிடுங்க," என்றாள் முதலாளி சிவராமனிடம்.

அவர் பழைய டப்பாவை எடுத்துக் கொடுத்தார். அதிலும் பச்சை.

ரப்பர் பட்டையைப் பல்லால் இழுத்துக் கட்டி, தானே ரத்தம் எடுத்துக்கொண்டாள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ஒன்றையொட்டி இருக்க வேண்டும். மெஷின் நான்கு புள்ளி இரண்டு என்றது. மறுபடி ஓட்டினாள். அதேதான்.

அழுகை வரவில்லை. பயமும் இல்லை. காது மட்டும் அடைத்த மாதிரி இருந்தது. வெளியே ஒன்பது பேர் காத்திருந்தார்கள். வரிசையாக ரத்தம் எடுத்தாள்; ஒருவருக்கும் ஊசி தவறவில்லை.

நூம்பலில் வீடு. புருஷன் ஜீவா தண்ணி லாரி ஓட்டுகிறவன். சாயங்காலம் அவன் தட்டின் பக்கத்தில் ரிப்போர்ட்டை வைத்தாள்.

"இன்னாது இது?"

"கிட்னி ரிப்போர்ட்."

"யாருது?"

"என்னுது."

பிசைந்த கை நின்றது. "நல்லாத்தானே கீற? எங்கனா வலிக்குதா?"

"ஒரு வலியும் இல்ல."

"அப்போ மெஷினு தப்பு. வேற எடத்துல பாக்கலாம் வா."

வேறு இடத்திலும் அதே எண். பெரிய ஆஸ்பத்திரியில் ரத்த அழுத்தம் பார்த்தார்கள்: நூற்றுத் தொண்ணூறு. எத்தனை வருடமாக என்று கேட்டார் டாக்டர். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஊராருக்கெல்லாம் பார்த்தவள் தனக்கு ஒரு நாளும் பார்த்துக்கொண்டதில்லை.

மாத்திரையில் எட்டு மாதம் ஓடியது. பிறகு டயாலிசிஸ், செவ்வாயும் வெள்ளியும். மற்ற நாளெல்லாம் லேபுதான்.

"என் கிட்னிய எடுத்துக்கோ. ரெண்டு கீது இல்ல?" என்றான் ஜீவா. ஒரு காலை வெறும் வயிற்றோடு லேபுக்கே வந்து சட்டைக் கையை மடித்தான். அவளே ரத்தம் எடுத்தாள். சர்க்கரை இருநூற்று எண்பது.

அதைச் சொன்னபோது அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"மாத்திர போட்டா எறங்கிடும். அப்பால குடுக்கலாம்ல?"

"சக்கர இருந்தா எடுக்கமாட்டாங்க."

அவன் மடித்த சட்டைக் கையை இறக்கப் போனான். ஊசி குத்திய இடத்துப் பஞ்சை அவள் எடுத்துப் போட்டாள்.

"எதிர் கடையில இட்லி சாப்ட்டுட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு வா. இன்னொரு வாட்டி எடுக்கணும்," என்றாள்.