தாடிக்காரனுக்குப் பின்னால்

கீனோ சாந்து பூசுகிறவன். இத்தாலியில் எங்கள் பீசா நகரத்தில் அவன் கரணை படாத கோயில் சுவர் குறைவு. அதிகம் பேசமாட்டான். மாட்டுக்கு வருகிற கோபம்கூட உனக்கு வராதா என்று நானே கேலி செய்திருக்கிறேன். நான் அவனோடு வேலை பார்த்தவன், வண்ணத்துக்குக் காவிக்கல் அரைக்கிறவன்.

அந்த வருடம் பெரிய கோயில் சுவரில் நரகத்தை வரைந்தோம். ஓவியர் தூரா முழுச் சுவரிலும் முதலில் காவியால் கோடிழுத்துவிட்டார். தினமும் காலையில், அன்றைக்குத் தீட்டுகிற அளவுக்கு மட்டும் கீனோ அதன்மேல் மெல்லிய சாந்து பூசுவான். கோடு மறைந்துவிடும். ஈரம் காய்வதற்குள் தூரா அதை நினைவிலிருந்து வண்ணத்தில் தீட்டிவிட வேண்டும். காய்ந்தால் அந்தத் துண்டைக் கொத்தி எறிய வேண்டியதுதான்.

அன்று கொப்பரையில் வேகும் பாவிகளின் முறை. கோட்டில் இருந்த ஒரு முகம் மேயோவுடையது, கீனோவின் தம்பி. பஞ்சத்தில் கோதுமை பதுக்கினான் என்று போன வருடம் அவனைத் தூக்கிலிட்டார்கள். சாரத்தில் ஏறிக் கிட்டத்தில் பார்த்த பிறகுதான் எங்களுக்கு அடையாளம் தெரிந்தது. கீனோ அவசர அவசரமாகப் பூசி மூடினான். பிறகு சாரத்தைவிட்டு நகரவில்லை.

"வழி விடு கீனோ, ஈரம் போகுது," என்றார் தூரா.

"வேற மூஞ்சி போடுங்கய்யா."

"ஊருக்கே தெரிஞ்ச மூஞ்சிடா. பார்த்தாத்தான் பதுக்குறவனுக்குப் பயம் வரும்."

"எங்கம்மா ஞாயித்துக்கிழமை இங்கதான் வந்து மண்டி போடுறா."

"அதுக்கு நான் என்ன பண்ண? பாதிரியார் பார்த்துச் சரின்னுட்டாரு."

கீனோ கரணையை ஈரச் சாந்தின்மேல் வைத்தான். "தீட்டுங்க. நான் வழிச்சுப் போட்டுடுறேன். நாளைக்குத் தீட்டினாலும் வழிப்பேன்."

இந்த வேலை போனால் அவனுக்கு இந்த ஊரில் வேறு சுவர் கிடைக்காது. எனக்கு அவன்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மதிய மணி அடித்தது. சாந்தின் ஓரம் வெளுக்க ஆரம்பித்தது. தூரா விரலால் தொட்டுப் பார்த்தார், காறித் துப்பினார், தூரிகையை எடுத்தார். யாரோ ஒரு தாடிக்காரனின் முகம் வந்தது.

சாயங்காலம் கீனோவின் வீட்டுக்குப் போய் நடந்ததை நான்தான் பெருமையாகச் சொன்னேன். அவன் அம்மா கடைசிவரை கேட்டாள்.

"பூசுறதுக்கு முன்னாடி அந்தக் கோட்டை அழிச்சியாப்பா?"

கீனோ அழிக்கவில்லை. கோட்டைக் கண்டால் மூடுவது அவனுக்கு முப்பது வருடப் பழக்கம். வாளியில் தண்ணீர் பக்கத்திலேயே இருந்தது. ஈரத் துணியால் துடைத்திருந்தால் போயிருக்கும். எனக்கும் தோன்றவில்லை, மண்டூகம். இனி அதன்மேல் தீட்டிய ஓவியத்தை யாரும் தொடவிடமாட்டார்கள்.

"அப்ப என் புள்ள அதுக்குள்ளதான் இருக்கான்," என்றாள்.

இப்போது ஞாயிறுதோறும் அவள் அந்தத் தாடிக்காரன் முன்னால்தான் மண்டியிடுகிறாள். கீனோ கோயிலுக்கு வருவதில்லை.