கோயில் மனையில் ஒரு பள்ளம்

ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரைக்குப் போகிற தெருவில் எனக்கு ஒரு சைக்கிள் கடை. மனை கோயிலுடையது, பார்த்துக்கொள்வது அரசாங்கம். மேலே நிற்கிற சுவரும் தகரமும் எங்களுடையவை. மனைக்குக் கோயில் ஆபீசில் வாடகை, சுவருக்கு மாநகராட்சியில் வரி. இரண்டையும் நிறுத்தியதில்லை.

போன வருஷம் வாடகையைப் பல மடங்கு ஏற்றினார்கள். ரோட்டு மட்டத்துக் கடைமனை என்று விலை போட்டார்களாம். ஒத்துக்கொள்ளாவிட்டால் காலி செய்ய வேண்டும். ஆபீசுக்குப் போனேன். நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. நாலு பேர் முன்னால் வாயைத் திறந்தால் வியர்த்துவிடும். ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்தேன்.

"அந்த இடம் குட்டையா கிடந்துச்சுன்னாவது சொன்னீங்களா?" என்றாள் மனைவி.

அதையும் சொல்லவில்லை. அப்பா வாடகைக்கு எடுத்தபோது அது மழைத்தண்ணீர் நிற்கிற பள்ளம். பொன்மலையிலிருந்து ரயில் எஞ்சின் சாம்பலை மாட்டுவண்டியில் ஏற்றி, காவிரிப் பாலம் தாண்டிக் கொண்டுவந்து கொட்டிக் கொட்டித்தான் ரோட்டு மட்டத்துக்கு உயர்த்தினார்.

கோயில் ஆபீஸ் அதிகாரி மனையை அளக்க வருகிற அன்று விடிந்ததுமே சைக்கிள்களை வெளியே நிறுத்திவிட்டு, கடப்பாரையால் சிமெண்டுத் தளத்தை உடைத்தேன். அவர் வந்து இறங்கியபோது முழங்கால் ஆழத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

"என்னங்க பண்றீங்க? நிறுத்துங்க!"

எதிர் டீக்கடை அக்கா சிரித்தது. "அவரு பேச மாட்டாரு சார். இன்னைக்குக் கடப்பாரை பேசுது, கேட்டுக்குங்க."

நான் நிறுத்தவில்லை. கரிச்சாம்பல், அதற்குக் கீழேயும் சாம்பல். இடுப்பளவில்தான் கறுப்புக் களிமண் தட்டியது. வியர்வையோடு பேச்சும் வந்தது.

"சாமி இடம் இங்க இருக்குங்க. இதை அளங்க. இதுக்கு என்ன வாடகையோ போடுங்க, தரேன்."

"பள்ளமோ மேடோ, இடம் கோயிலோடதுதானே?"

"இல்லைன்னு யாருங்க சொன்னா? பள்ளத்தைக் குடுத்துட்டு மேட்டுக்கு வாடகை கேக்காதீங்க. மேடு எங்கப்பா கொட்டினது."

அதிகாரி டேப்பை இழுத்து நீள அகலம் அளந்தார். பிறகு குனிந்து ஆழத்தையும் அளந்துகொண்டார். "மேல சொல்லிப் பார்க்கிறேன். முதல்ல இதை மூடுங்க, யாராவது விழுந்துடப் போறாங்க."

மூடவில்லை. மேலே பலகை போட்டு, அதில் உட்கார்ந்துதான் பஞ்சர் ஒட்டுகிறேன். மாசாமாசம் பழைய வாடகையைக் கொண்டுபோய் நீட்டுகிறேன். புது வாடகை இல்லாமல் வாங்க மாட்டோம் என்கிறார்கள். மறுமாசமும் போய் நிற்கிறேன். காலி செய்யச் சொல்லி யார் வந்தாலும் சரி, பேசப் போவதில்லை. எழுந்து பலகையைத் தூக்குவேன்.