‘ஆமாங்க’ என்றால் ஆமாம் அல்ல

தவறு என்னுடையது, பழியை ஓர் இளம்பெண் மீது போட்டேன்.

ஓய்வுக்குப் பிறகு கொல்லிமலையில் ஒரு தொண்டு அமைப்பின் சர்வரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே சர்வரைத் தனித்தனி வீடுகள் போலப் பல கன்டெய்னர்களாகப் பிரித்திருந்தோம். அவற்றில் ஒன்று, திண்ணனூர் நாடு என்ற மலைக்கிராமத் தொகுப்பிலிருந்து வந்த ஒப்பந்த ஊழியரான அந்தப் பெண்ணின் உழைப்பு. எந்தப் பாதையில் ஜீப் போகும், எங்கே நோயாளியைத் தூளி கட்டித் தூக்க வேண்டும் என்று நடந்து நடந்து பதிந்திருந்தாள்.

அதன் இயங்குதளம் பழசாகிவிட்டது. சர்வரிடம் ஏபிஐ மூலம் கேட்டதும், நிறுவத் தயாராக இருந்த இயங்குதள டெம்ப்ளேட்டுகளின் பெயர்கள் வந்தன. புதியதைத் தேர்ந்தேன்.

“ஏனுங்க சார், சட்டை மாத்தற மாதிரிங்களா?” என்று கேட்டாள்.

“இல்லம்மா, வீட்டை இடிச்சுட்டுப் புதுசாக் கட்டற மாதிரி.”

“அப்ப சாமானை மொதல்ல வெளிய எடுக்கோணுமுங்க!” என்று சிரித்தாள்.

மறுநாள் அவள் மலையில் எங்கோ இருந்தாள். போனில், “பாதை விவரத்தையெல்லாம் காப்பி எடுத்துட்டியாம்மா?” என்று கேட்டேன்.

“ஆமாங்க சார்... ஆமாங்க...” இணைப்பு அறுந்தது.

அந்தப் பக்கத்தில், கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்கும் ‘ஆமாங்க’தான். அது எனக்கு நன்றாகத் தெரியும். மறுபடி கூப்பிடச் சோம்பல்பட்டு, இடித்துக் கட்டும் கட்டளையை அனுப்பினேன். கன்டெய்னர் புதிதாக எழுந்தது. அவள் பதிந்த பாதைகளில் ஒன்றுகூட இல்லை.

“காப்பி இருக்கிறதா என்று கேட்டேன், ஆமாம் என்றாள்” என்று நிர்வாகியிடம் சொன்னேன்.

“நீங்க பேசறது கேக்குதுன்னு சொன்னனுங்க” என்றாள் அவள்.

“ஆமான்னா ஆமாதானேம்மா” என்று சிரித்தார் சமவெளியிலிருந்து வந்த நிர்வாகி. அவள் என்னைப் பார்த்தாள். நான் திரையைப் பார்த்தேன். அவளுடைய ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை.

வெகுநாள் கழித்து நிர்வாகியிடம் உண்மையை ஒப்புக்கொண்டேன். அவளைத் திரும்ப எடுக்கச் சம்மதித்தார். முள்ளுக்குறிச்சியில் கட்டட வேலையில் இருந்தவளிடம் போய்ச் சொன்னேன்.

“பாதையத் தொலைச்சவள்னு எங்கூருல பேரு வாங்கிட்டனுங்க. நீங்க ஆபீஸ்ல சொன்னது அங்க ஆருக்குங்க கேக்கும்?” என்று சிமென்ட் சட்டியைத் தலையில் ஏற்றினாள்.

அவள் ஊருக்கே போனேன். கூடியிருந்தவர்கள் முன், அழித்தது நான்தான் என்றேன். யாரும் திட்டவில்லை. டீ கொடுத்தார்கள். அவளுடைய சித்தப்பா மட்டும் கேட்டார்: “அந்தப் புள்ளைக்காக வந்தீங்களா, உங்க மனசு ஆறோணும்னு வந்தீங்களா?”

டீயைக் குடித்துவிட்டு இறங்கினேன்.

அவள் வேலைக்குத் திரும்பவில்லை. அந்த இடத்துக்கு வேறொருவர் வந்துவிட்டார்.