உச்சவரம்புக்குக் கீழே ஒரு வரி

கால்பந்தாட்டக்காரர்களின் சம்பளத்துக்கு உச்சவரம்பு வேண்டும் என்று முதலில் சொன்னவர்களில் நானும் ஒருவன். அதை மறைக்கப் போவதில்லை.

நான் கோல்கீப்பர். முன்பு நான் ஆடிய இரண்டாம் டிவிஷன் கிளப், ஒரே ஒரு வெளிநாட்டு ஸ்ட்ரைக்கருக்கு அள்ளிக் கொடுத்துவிட்டுப் பாதி சீசனில் மூடிக்கொண்டது. காலையில் பயிற்சிக்குப் போனால் மைதானத்து கேட்டில் பூட்டு தொங்கியது. அன்று உள்ளூர் டிவிக்காரர் ஒருவர் மைக்கை நீட்டியபோது, "ஒருத்தருக்கு இவ்வளவுதான்னு ஒரு எல்லை வேணும். இல்லைன்னா சின்ன கிளப் எதுவும் மிஞ்சாது" என்றேன்.

இரண்டு வருடம் கழித்து அந்தப் பேச்சையே என் மேல் திருப்பினார்கள். அப்போது நான் திருவனந்தபுரத்தில் வேறொரு கிளப்பின் கேப்டன். கிளப் செயலாளர் அந்த ஊர் ஆரியசாலைக் கடைத்தெருவில் மொத்த வியாபாரம் செய்பவர். எங்களோடு தமிழில்தான் பேசுவார். பயிற்சி முடிந்ததும் எல்லோரையும் கேலரிப் படியில் உட்காரவைத்து, புது கான்ட்ராக்ட்டை ஆளுக்கொன்று கொடுத்தார். லீக்கில் உள்ள முதலாளிகள் கூடிச் சம்பளத்துக்கு உச்சவரம்பு வைத்துவிட்டார்களாம்.

"கேப்டன்தானே அன்னைக்கு டிவியில பறஞ்சது? அதைத்தான் நாங்க செய்யறோம்" என்று சிரித்தார்.

நான் இரண்டாம் பக்கத்தைப் படித்தேன். வெளியிலிருந்து கொண்டுவரும் இரண்டு பேருக்கு இந்த வரம்பு கிடையாது என்று அங்கே சின்ன எழுத்தில் இருந்தது.

"அந்த ரெண்டு பேருக்கு மட்டும் ஏன் சார் எல்லை இல்லை?"

"கேலரியில ஆளு கூடணுமில்லே? உங்களைப் பாக்கவா ஜனம் வரும்?"

"சரி. மேல எல்லை போட்டீங்க. இதுக்குக் கீழ யாருக்கும் கொடுக்கக் கூடாதுன்னு ஒரு வரி எங்கே?"

"அதொண்ணும் லீக்ல தீருமானிக்கலை" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

எனக்குப் பக்கத்திலிருந்தவன் எங்கள் வலது விங்கர். மலையடிவாரத்து வித்துராக்காரன். அவன் அப்பா அம்மா மேலே தேயிலை எஸ்டேட்டில் வேலை பார்த்தவர்கள். கிளப் தரும் சம்பளம் பத்தாமல், பயிற்சி இல்லாத நேரத்தில் ஆட்டோ ஓட்டினான். "யாரும் இதுல கையெழுத்துப் போடாதீங்க" என்று நான் சொன்னதும் அவன்தான் வாயைத் திறந்தான்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. இதுல குறையப் போறது உங்க சம்பளம் மட்டுந்தான். எங்களுக்குக் குறையறதுக்கு என்ன இருக்கு? உங்களுக்காக நாங்க ஏன் எங்க இடத்தை இழக்கணும்?"

பந்து நெஞ்சில் அடித்தது போல இருந்தது. உள்ளூர் ஆட்டக்காரர்களில் அதிகம் வாங்கியவன் நான்தான். அவன் சொன்னதில் பொய் இல்லை.

கரமனை வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் அரசு அலுவலகம் ஒன்றில் கிளார்க்.

"இதுல உங்களுக்கு என்னவாக்கும் லாபம்?" என்றாள்.

"லாபம் பாக்கறவனா இருந்தா பந்துக்கு முன்னாடி போய் விழுவேனா?"

அவள் சிரிக்கவில்லை. "அப்போ வாயால சண்டை போடாதேங்கோ. எழுதிக் கேளுங்கோ. காகிதத்துல இல்லாததை எந்த ஆபீஸும் தராது."

எழுதினேன். என் சம்பளம் உச்சவரம்புக்குள் வருவதை ஏற்கிறேன். அதே வரம்பு எல்லோருக்கும் பொருந்த வேண்டும். வரம்பில் பாதிக்குக் குறைவாக அணியில் யாருக்கும் கொடுக்கக் கூடாது. இவ்வளவுதான் கடிதம். கீழே கையெழுத்துப் போட்டு, முதலில் விங்கரிடம் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தான்.

"உங்களுக்குக் குறையுமே அண்ணே?"

"குறையட்டும். இப்ப இது யாருக்காகன்னு சொல்லு."

ஆட்டோ சீட்டில் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டான். சாயங்காலத்துக்குள் அணி முழுவதும் போட்டுவிட்டது.

ஆட்டக்காரர்களைப் பதிவு செய்யக் கடைசி நாள். கான்ட்ராக்ட்டில் கையெழுத்துப் போடாமல் எல்லோரும் கேலரியில் உட்கார்ந்திருந்தோம்.

"இது கடிதமா, மிரட்டலா?" என்றார் செயலாளர்.

"எப்படி வேணும்னாலும் எடுத்துக்கோங்க."

"வேற ஆளைக் கொண்டுவருவேன்."

"கொண்டுவாங்க. அவங்ககிட்டயும் இதே காகிதத்தைக் காட்டுவோம்."

அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தார். திரும்பி வந்தபோது சட்டை நனைந்திருந்தது. எங்கள் கிளப்பில் குறைந்தபட்சச் சம்பளம் உண்டு என்றார். ஆனால் பாதி இல்லை, மூன்றில் ஒரு பங்கு. வெளியாட்கள் இரண்டு பேருக்குக் கொடுத்த சலுகை அப்படியே இருக்கும்.

"பின்னே, கேப்டனுக்குக் கான்ட்ராக்ட் இல்லை. வயசு முப்பத்தினாலு ஆச்சல்லோ" என்றார் கடைசியாக.

விங்கர் எழுந்துவிட்டான். "அப்ப நாங்களும் இல்ல."

அவன் தோளைப் பிடித்து உட்காரவைத்தேன். "போட்டுடுங்க எல்லாரும். அந்த வரி ஒரு தடவை ஏறிட்டா அடுத்த வருஷம் எடுக்கறது கஷ்டம்."

பெருந்தன்மை ஒன்றும் இல்லை. பஸ்ஸில் வீடு வரும்வரை செயலாளரை மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். இன்னும் இரண்டு சீசன் ஆடும் தெம்பு என்னிடம் இருந்தது. அவருக்கும் அது தெரியும்.

உச்சவரம்பு நியாயமா என்று இப்போதும் கேட்கிறார்கள். நியாயம்தான் என்றுதான் இப்போதும் சொல்கிறேன். முதலாளிக்குப் பிடித்தவனையும் அது கட்ட வேண்டும். அடியில் இருப்பவனுக்குச் சோறு போட வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் அது கிளப்பைக் காப்பாற்றும் வழி இல்லை, எங்களை அமுக்கும் வழி.

முதல் மேட்ச்சுக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு போனேன். விருந்தினர் நாற்காலிகளுக்கு நேர் பின்னால் என் இடம். செயலாளர் திரும்பிப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் செக்யூரிட்டிக்காரர் வந்து, பின்னால் காலி சீட் இருக்கிறது, அங்கே போய் உட்காரலாமே என்றார். டிக்கெட்டிலிருந்த நம்பரைக் காட்டினேன். போய்விட்டார்.

எதிரணிக்குக் கார்னர் கிடைத்தது. எங்கள் புது கோல்கீப்பர் நிற்கக் கூடாத இடத்தில் நின்றான்.

"ரெண்டடி முன்னால வாடா!" என்று செயலாளரின் தலைக்கு மேலே முழுத் தொண்டையில் கத்தினேன். அவன் வந்தான். பந்தையும் பிடித்தான்.